முருகைக்கல் மாற்றும் மேசை

நெடுந்தீவில் வேலி என்றால் முருகைக்கல் வேலிதான். சாந்தும் இல்லை, சீமெந்தும் இல்லை. கல்லின் மேல் கல்லாக அடுக்கி இடுப்பளவு உயரத்துக்குக் கொண்டுவந்து விடுவார்கள். அம்மம்மாவின் வளவுக்கும் அப்படியொரு வேலிதான். அந்தக் கற்களில் பூப்போல வரிவரியாகச் சிறு குழிகள் இருக்கும். சின்ன வயதில் அவற்றை விரலால் தடவிக்கொண்டே நடந்திருக்கிறேன். அது ஒரு காலத்தில் உயிரோடிருந்த பிராணிகளின் வீடு என்று எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதை நான் அறிந்தது போர் எங்களைத் தீவை விட்டும், பிறகு நாட்டை விட்டும் கிளப்பிய பின்னர், கனடாவில். 2004ஆம் ஆண்டு ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு மீன்தொட்டிக் கடையில் தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் அது தெரியவந்தது.

இந்தப் பக்கங்களில் வீட்டுத்தோட்டம், கோழி வளர்ப்பு, சிறுசேமிப்பு என்று சகோதரிகள் பயனுள்ள விடயங்களை எழுதுகிறார்கள். முருகைக்கல்லை வீட்டுக்குள் வளர்த்து, அதை ஒருவரோடொருவர் மாற்றிக்கொள்ளும் ஒரு கூட்டத்தைப் பற்றி நான் எழுத வந்தால், "இவவுக்கு வேற வேலை இல்லையோ" என்று நினைப்பீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை, வாசித்துப் பாருங்கள்.

புத்தகங்களில் பவளம் என்று சொல்வதைத்தான் எங்கள் பக்கத்தில் முருகைக்கல் என்கிறோம். எண்ணிலடங்காத சிறு உயிர்கள் ஒட்டி வாழும் குடியிருப்பு அது. ஒவ்வோர் உயிரும் ஒரு வாயும் அதைச் சுற்றிச் சில உணர்கொம்புகளும் கொண்ட சிறு குழாய். பொலிப் என்று அதற்குப் பெயர். அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சம் பட்டால் அந்தப் பாசி உணவு தயாரித்துத் தன் வீட்டுக்காரருக்கும் கொடுக்கும். அந்த உயிர் கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தனக்குக் கீழே கல்லாகக் கட்டிக்கொண்டு போகும். நாம் வேலிக்கு அடுக்கியதும், சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கியதும் அந்த வீட்டைத்தான். எல்லாப் பவளமும் கல் கட்டுவதில்லை. தோல் போலவும் காளான் போலவும் மென்மையான வகைகளும் உண்டு.

இவற்றை முறித்து வைத்தால் வளரும். முருங்கைத் தடியை வெட்டி நடுவது போலத்தான். எலும்பு வெட்டும் கத்தரியால் விரல்நுனியளவு துண்டொன்றை வெட்டி, சுப்பர் குளூ பசையால் ஒரு பீங்கான் தக்கையில் ஒட்டிவிட்டால், சில கிழமைகளில் அடிப்பாகம் தக்கையின் மேல் படர்ந்து பிடித்துக்கொள்ளும். அப்படியே வளர்ந்து வளர்ந்து தொட்டி நிறைந்து, ஒன்றையொன்று கொட்டத் தொடங்கும். ஆம், பவளங்களும் பக்கத்து வளவுக்காரரோடு சண்டை பிடிக்கும். ஆகவே வெட்டத்தான் வேண்டும். வெட்டிய துண்டுகளை வைத்திருப்பவர்கள் ஓரிடத்தில் கூடி மாற்றிக்கொள்வதைத்தான் மாற்றுச் சந்தை என்கிறேன்.

எனக்குக் கிடைத்த முதல் துண்டு கடைக்காரர் குப்பையில் போட எடுத்தது. செனியா என்று பெயர். அதன் ஒவ்வொரு பூவும் கைக்குழந்தையின் கை போல விரிந்து மூடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் அசைப்பதால் அல்ல, அது தானாகவே துடிக்கும். நல்ல இடம் கிடைத்தால் களை போலப் பரவிவிடும் என்பதால் அனுபவக்காரர்கள் அதை மதிப்பதில்லை. நான் கேட்டு வாங்கி, ஒருவர் வீதியோரம் கழித்து வைத்திருந்த ஒரு சிறு தொட்டியில் வைத்தேன். தண்ணீர் 25, 26 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்க வேண்டும். இவ்விரண்டும் நாளுக்கு நாள் மாறாமல் பார்த்துக்கொண்டால் அரைவாசி வேலை முடிந்தது. இரவுவேலை முடிந்து வந்து, மகன் எழும்புமுன் அந்தத் தொட்டியின் முன்னால் கால்மணி நேரம் இருப்பேன். அந்த வீட்டில் என்னிடம் எதுவும் கேட்காத ஒரே சீவன் அதுதான்.

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் இப்படி வளர்ப்பவர்களின் சிறு கழகங்கள் இருந்தன. எங்கள் பகுதிக் கழகமும் அயலிலுள்ள இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு இரு தடவை, சித்திரையிலும் ஐப்பசியிலும், சந்தை வைப்பார்கள். மாரியில் வைப்பதில்லை. வாசலிலிருந்து கார் வரை கொண்டுபோவதற்குள்ளேயே குளிர் துண்டுகளைக் கொன்றுவிடும்.

2009 சித்திரைச் சந்தைக்கு நான் போகவில்லை. அந்த நாட்களில் நாங்கள் எவரும் எதற்கும் போகவில்லை. ஏன் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வன்னியிலிருந்த தங்கையின் செய்தி வரும் வரை தொலைபேசியின் பக்கத்திலேயே கிடந்தேன். கழகத்துப் பெண் ஒருவர் வந்து என் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் போவார்.

அந்த ஐப்பசிச் சந்தைக்குப் போனேன். அவரவர் தத்தம் துண்டுகளை மேசையில் வைத்துத் தாங்களே பேசி மாற்றுவதுதான் அன்றைய வழக்கம். அரை மணித்தியாலத்துக்குள் பெரிய தொட்டிக்காரர்கள் நல்லவற்றைத் தங்களுக்குள் மாற்றி முடித்துவிட்டார்கள். புதியவர்கள் கொண்டுவந்த சாதாரணத் துண்டுகளை எவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் ஒருவர், முதியோரைப் பராமரிக்கும் வேலை செய்பவர், வெறும் போத்தலோடு சுவரோரம் நின்றார். ஒருவர் இரக்கப்பட்டு, "இந்தா, இதைக் கொண்டுபோ" என்று ஒரு துண்டை நீட்டினார். அந்தப் பெண் வாங்கவில்லை. "நன்றி, என் தொட்டியில் இடமில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இடமில்லாதவர் போத்தல் கொண்டு வருவாரா? இடம்பெயர்ந்திருந்த காலத்தில் நிவாரண வரிசையில் நின்ற என் அம்மாவின் முகமும் அப்படித்தான் இருந்தது. அரிசி வேண்டும், ஆனால் அது கைக்கு வரும் விதம் வேண்டாம். அப்போது நாங்கள் வாங்கினோம். வேறு வழி இருக்கவில்லை.

அதே சந்தையில் எவரோ கொண்டுவந்த துண்டொன்றில் தட்டைப்புழு இருந்திருக்கிறது. மாசி மாதமளவில் மூன்று கழகத்தாரின் தொட்டிகளிலும் அந்தப் புழு. சிலர் பல வருடமாக வளர்த்ததை இழந்தார்கள். இனிச் சந்தையே வேண்டாம் என்று பேச்சு வந்தது. 2010இல் கூடிய கூட்டத்தில் என்னிடம் தேநீர்ப் பொறுப்பைத் தந்தார்கள். பெண் என்றால் தேநீர் என்பது கனடாவிலும் மாறவில்லை. தேநீரை வேறு யாரும் போடட்டும், எனக்கு வாசலையும் நடு மேசையையும் தாருங்கள் என்று கேட்டேன். வாசலில் நிற்க வேறு எவருக்கும் விருப்பமில்லாதபடியால் தந்துவிட்டார்கள்.

வாசல்தான் முக்கியம். உள்ளே வரும் ஒவ்வொரு துண்டையும் வெள்ளைத் தட்டில் வைத்து, பூதக்கண்ணாடியால் அடிப்பக்கம் வரை பார்ப்பது என்று வைத்தோம். வெட்டி மூன்று கிழமையாவது ஆறியிருக்க வேண்டும். நேற்று வெட்டி இன்று கொண்டுவந்தால் காயம் ஆறுமுன் அடுத்த வீட்டில் அழுகிவிடும். அயடீன் கலந்த உப்புத் தண்ணீரில் சில நிமிடம் அலசிய பிறகே உள்ளே போகும். அப்படியும் முட்டைகள் தப்பிவிடும் என்பதால், வீட்டில் வேறு பாத்திரத்தில் சில கிழமை தனியாக வைத்துப் பார்க்கும்படி ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுத்தோம். சோவாந்தஸ் எனும் பொத்தான் போன்ற பவளங்களுக்குத் தனி மேசை. அவற்றில் சிலவற்றில் பாலிதொக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக் கூடாது. அவை ஒட்டிய கல்லைச் சுடுநீரில் போடவே கூடாது, ஆவியோடு நஞ்சு மூச்சில் ஏறி முழுக் குடும்பமும் வைத்தியசாலைக்குப் போக நேரிடும். பிள்ளைகளை அந்த மேசைக்குக் கிட்டவும் விடுவதில்லை.

முதல் தடவையே சோதனை வந்தது. கழகத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி, ஏறத்தாழ 900 லீற்றர் தொட்டி வைத்திருந்தவர், ஒரு பெட்டி நிறையத் துண்டுகளோடு வந்தார். ஒரு தக்கையின் அடியில் மண்ணிறத்தில் சிறு பூவொன்று ஒளிந்திருந்தது. அது ஐப்தேசியா. கிள்ளி எறிந்தால் எஞ்சும் ஒவ்வொரு கிள்ளும் ஒரு புதுப் பூவாகும். ஒரு தொட்டிக்குள் புகுந்துவிட்டால் ஊசியால் எலுமிச்சம்புளி ஏற்றி ஏற்றியே ஆயுள் போய்விடும். அந்தத் துண்டு உள்ளே வராது என்றேன். "நான் இருபது வருடமாக வளர்க்கிறேன், நீ எனக்குச் சொல்கிறாயா?" என்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை, துண்டைப் பெட்டிக்குள் வீசிவிட்டு உள்ளே போனார். எங்கள் ஊர்ச் சங்கங்களில் பெரியவருக்கு ஒரு விதி, மற்றவருக்கு இன்னொரு விதி என்று எத்தனை நல்ல காரியங்கள் குழம்பியதைப் பார்த்திருப்பீர்கள். அன்று அவரை விட்டிருந்தால் அடுத்தவரை மறிக்க எனக்கு வாய் இருந்திராது. அவர் ஒரு வருடம் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் கொண்டுவந்த துண்டுகளைப் போலத் துப்புரவானவை எவரிடமும் இல்லை.

அடுத்தது பங்கீடு. விலை பேசுவதை நிறுத்தினோம். ஒவ்வொருவரும் கொண்டுவரும் துண்டுகள் எல்லாம் நடு மேசைக்குப் போகும். குவளையில் பவளத்தின் பெயரும் அதற்கு எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நீரோட்டம் வேண்டும் என்பதும் மட்டும் எழுதியிருக்கும். கொண்டுவந்தவர் பெயர் இருக்காது. ஆளுக்கு ஓர் இலக்கம். சீட்டுக் குலுக்கி, வரும் ஒழுங்கில் ஒவ்வொருவராக எடுப்பார்கள். இரண்டாம் சுற்றில் கடைசி ஆள் முதல் ஆளாவார். மூன்றாம் சுற்று மீண்டும் முன்னைப்போல. எத்தனை கொண்டுவந்தீர்களோ அத்தனை எடுக்கலாம். விலை கூடிய பவளங்களுக்கு வேறு ஒரு சுற்று வைத்தோம். அதில் சேர விரும்புபவர் அதே தரத்தில் ஒன்று வைக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் நல்ல துண்டுகள் வீட்டிலேயே நின்றுவிடும். மனிதர்களிடம் அளவுக்கு மிஞ்சிய தாராளத்தை எதிர்பார்த்து ஒழுங்கு செய்யக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

வெறுங்கையோடு வருபவருக்கு என்ன செய்வது? இலவச மேசை வைப்போம் என்று ஒருவர் சொன்னார். நான் மறுத்தேன். இலவச மேசை வைத்தால் அதைச் சுற்றி ஒரு வரிசை வரும், அந்த வரிசையில் நிற்பவரை எல்லோரும் பார்ப்பார்கள். அதற்குப் பதிலாகக் கடன் சீட்டு அச்சடித்தோம். வாசலில் கேட்டால் தருவோம். அதைக் கொண்டு மற்றவர்களைப் போலவே குலுக்கலில் சேரலாம். எடுத்த துண்டு வளர்ந்ததும் அதிலிருந்து ஒன்றை வெட்டிக் கொண்டுவந்தால் கடன் தீரும். ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகலாம். துண்டு இறந்துவிட்டால் அதையும் வந்து சொல்லலாம், யாரும் வட்டி கேட்பதில்லை. அந்தப் பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு நானே தொலைபேசியில் இதை விளங்கப்படுத்தினேன். "அப்படியானால் நான் கடன்காரி, பிச்சைக்காரி இல்லை" என்று சிரித்தார். 2011 சித்திரையில் வந்து இரண்டு சீட்டு எடுத்தார். குலுக்கலில் அவர் எடுத்த இரண்டாவது துண்டு, பொன்னிற நுனிகளோடு தீப்பந்தம் போல அசையும் ஒரு பவளம். மேசையில் பெயர் இல்லாவிட்டாலும் அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். சாரதியின் தொட்டியைத் தவிர அது வேறெங்கும் இருக்கவில்லை. அவர் முகத்தை நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

மண்டபம் எடுப்பது, வாடகையைக் கட்டணத்தில் சரிக்கட்டுவது எல்லாம் எந்த விழாவுக்கும் உள்ளதுதான். இங்கே விசேடமாகக் கவனிப்பது நேரம். குவளையிலுள்ள தண்ணீர் ஆறத் தொடங்கினால் பவளம் சுருங்கும். காலை 10 மணிக்கு வாசல் திறந்தால் ஒரு மணிக்குள் எல்லோரும் ரெஜிபோம் பெட்டிகளோடு வீட்டுக்குப் போய்விட வேண்டும். பேச்சாளரைக் கூப்பிட்டால் மேசையை மூடிய பிறகுதான் பேச விடுவோம். உப்புத் தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் இருப்பதால் வயர்களை மேசைக்கு மேலால் கட்டுவோம். விற்பனைக்காரர்களுக்குப் பின்னேரம் தனி நேரம் கொடுத்தோம். ஒரே நேரத்தில் விட்டால் காசு பேசத் தொடங்கும், சீட்டு வாயை மூடிக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சந்தைக்கு வரும் ஆண்கள் சிலரின் மனைவிமார் காரிலேயே இருப்பார்கள். ஒருநாள் குளிருகிறதே என்று ஒரு தமிழ்ப் பிள்ளையை உள்ளே கூப்பிட்டேன்.

"நான் ஏன் அக்கா? அவர்தான் இதில பைத்தியம். நான் சும்மா சாப்பாடு போடுறனான், தண்ணி குறைஞ்சா ஊத்துறனான்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம், அவர் வேலையால வர இரவு பத்து மணியாகுமே."

அவரிடம் ஐந்து நிமிடம் கதைத்ததில், எந்தப் பவளம் எத்தனை மணிக்குச் சுருங்கும், எது எதற்குப் பக்கத்தில் நிற்காது என்று கணவரை விடத் துல்லியமாகச் சொன்னார். அடுத்த தடவையிலிருந்து பதிவுப் படிவத்தில் "தொட்டியின் உரிமையாளர்" என்ற வரிக்குக் கீழே "நாளாந்தம் பார்ப்பவர்" என்று ஒரு வரி சேர்த்தோம். இரு பெயருக்கும் இலக்கம் உண்டு. கார்கள் காலியாகின.

எங்களுக்குக் கிட்டவே அமெரிக்க எல்லை. அங்கும் கழகங்கள் உண்டு. ஆனாலும் அவர்களோடு நினைத்தபடி மாற்ற முடியாது. கல் கட்டும் பவளங்கள் சைற்றிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஒரு துண்டும் எல்லை தாண்டக் கூடாது. 2018இல் இந்தோனேசியா பவள ஏற்றுமதியைச் சில காலம் நிறுத்தியபோது, கடலிலிருந்து வராமல் வீட்டிலேயே வெட்டி வளர்த்த துண்டுகளின் அருமை கடைக்காரருக்கும் விளங்கியது. தொட்டித் தண்ணீரையோ மிஞ்சிய துண்டையோ வெளியே கொட்டுவதும் எங்கள் விதிப்படி குற்றம். 1984இல் மத்தியதரைக் கடலில் மொனாக்கோ கரையோரத்தில் காணப்பட்ட ஒரு தொட்டிப் பாசி, பிறகு அக்கடலின் அடித்தரையில் எவ்வளவு தூரம் படர்ந்தது என்பதை ஒவ்வொரு சந்தையிலும் சொல்லுவோம்.

இதை வாசித்துவிட்டு நம் கடலில் போய்ப் பவளம் முறிக்க எவரும் எண்ண வேண்டாம். இலங்கையில் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. 1998இல் கடல்நீர் சூடேறித் தென்மேற்குக் கரைப் பாறைகள் வெளிறி இறந்ததிலிருந்து மிஞ்சியிருப்பது எவ்வளவு அரியது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் கன்று, விதை, பூஞ்செடித் தடி மாற்றும் ஒரு மேசையை உங்கள் மாதர் சங்கத்தில் வைக்க நினைத்தால், குலுக்கலையும் கடன் சீட்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வாசலில் நிற்பவர் மட்டும் கொஞ்சம் வாய்க்காரியாக இருக்க வேண்டும்.

2013 மார்கழி 21ஆம் திகதி இரவு ரொறன்ரோவில் பனிமழை பெய்தது. மழையாக விழுந்து, பட்ட இடத்தில் கண்ணாடியாக உறைந்தது. மரக்கிளைகள் பாரம் தாங்காமல் முறிந்து மின்கம்பிகளில் விழுந்தன. நகரில் ஏறத்தாழ 300,000 மின் இணைப்புகள் அறுந்தன. சிலருக்கு நத்தார் கழிந்தும் வெளிச்சம் வரவில்லை. தொட்டிக்கு மின்சாரம் நின்றால் முதலில் போவது காற்று. பம்பி நின்ற சில மணித்தியாலங்களில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். பிறகு சூடு போகும். நாங்கள் தொட்டியைக் கம்பளியால் சுற்றி, பற்றரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பியைப் போட்டு, அது தீர்ந்ததும் செம்பால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். மகனும் நானும் முறை வைத்து இரவிரவாக ஊற்றினோம். மூன்றில் ஒரு பங்கு தப்பியது.

சாரதி தனியே இருந்தவர். 900 லீற்றரைச் செம்பால் காப்பாற்ற முடியாது. நாலாம் நாள் நான் போனபோது வீடு முழுக்கக் கடற்கரையில் மீன் அழுகிய மணம். அந்தப் பொன்னிறப் பவளம் அவருடைய மனைவி உயிரோடிருந்த காலத்தில் வாங்கியது என்று அன்றுதான் சொன்னார்.

பிலிப்பைன்ஸ் பெண்ணின் அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்சாரம் நிற்கவேயில்லை. 2011இல் அவர் எடுத்த ஒரு தலை அதற்குள் பிரிந்து பிரிந்து ஏழு தலையாகியிருந்தது. இதைச் சாரதியிடம் நான் சொல்லவில்லை, அந்தப் பெண்ணும் சொல்ல வேண்டாம் என்றார். 2014 சித்திரையில் சாரதி வெறுங்கையோடு வாசலில் வந்து நின்றார். என் கையிலிருந்த கட்டைப் பார்த்தார். ஒரு கடன் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். எல்லோரையும் போலக் கையொப்பமிட்டு வாங்கினார். குலுக்கலில் அவருக்கு நடு இலக்கம். அவருக்கு முன்னால் எடுத்த பதினொரு பேரும் மேசையின் நடுவிலிருந்த அந்தக் குவளையைத் தொடவில்லை. நான் எவருக்கும் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

அந்தக் கடனை அவர் 2015 ஐப்பசியில் மூன்று துண்டுகளாகத் திருப்பினார். ஒன்று போதும் என்றேன், கேட்கவில்லை. அதற்குப் பிறகு பதிவுப் படிவத்தில் இன்னும் இரண்டு வரிகள் சேர்ந்தன. ஒன்று, உங்கள் வீட்டுக்கு மின்கம்பி நிலத்துக்கு மேலால் வருகிறதா, அடியால் வருகிறதா? மற்றது, மின்சாரம் நின்றால் யாருடைய தொட்டியை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வீர்கள்? அந்தப் பட்டியலின் ஒரு பிரதி என் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு கார்த்திகையிலும் தொலைபேசி இலக்கங்களைச் சரிபார்க்கிறேன்.